மே 22, ஹார்வி மில்க் நாள்: உங்கள் அனுபவம் என்ன?

போன வருஷம் அம்மா சான் பிரான்சிஸ்கோவில் எங்களோடு இருந்தார். சியாட்டில் போவதற்காக விமான நிலையத்தின் முதல் டெர்மினலுக்குப் போனோம். சுவர் நெடுக ஒரே ஆளின் படங்கள், பாதிக்கு மேல் சிரித்தபடி. "யாருடா இவர், இந்த ஊர் எம்.எல்.ஏ.வா?" என்றார் அம்மா.

ஹார்வி மில்க், இந்த ஊர் நகரசபை உறுப்பினராக இருந்தவர் என்றேன். காஸ்ட்ரோ தெருவில் கேமரா கடை வைத்திருந்தவர், மூன்று தேர்தலில் தோற்று 1977-இல் ஜெயித்தவர். தன்பாலின ஈர்ப்பாளர் என்பதை எப்படிச் சொல்வது என்று தயங்கி, நாய்க் கதையில் ஆரம்பித்தேன். நாய் அசிங்கம் செய்தால் வளர்ப்பவரே அள்ள வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். அதற்காக டிவிக்காரர்களைப் பூங்காவுக்கு வரவழைத்து, தெரியாமல் மிதிப்பது போல மிதித்தும் காட்டினார். "நம்ம தெருவுக்கு இப்படி ஒருத்தர் வந்தா தேவலை" என்று சிரித்தார் அம்மா.

அப்புறம் மீதியையும் சொன்னேன். பதவியில் பதினோரு மாதம்கூட முழுதாக இல்லை. 1978 நவம்பர் 27 அன்று மேயர் மாஸ்கோனியையும் இவரையும் நகர மன்றத்திலேயே முன்னாள் சக உறுப்பினர் டான் ஒயிட் சுட்டுக் கொன்றார். அம்மா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "அப்போ இவரோட அம்மா இருந்தாங்களா?"

இல்லை, முன்னாலேயே போய்விட்டார் என்றேன்.

"நல்லவேளை."

---

மே 22 அன்றைக்கு லீவா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். இல்லை. மில்க் பிறந்த அந்த நாளை 2009-இல் கலிபோர்னியா ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் கையெழுத்திட்டுச் சிறப்பு நாளாக்கினார், அவ்வளவுதான். அதற்கு முந்தைய வருஷம் மறுத்ததும் அவரேதான்! ஆபீஸ் உண்டு. பள்ளியில் சொல்லித்தந்தால் உண்டு, என் மகளுக்குச் சொல்லித்தந்தார்கள்.

---

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் 1979 மே 21 இரவு நகர மன்ற வாசலில் நின்றவர். கொலைக் குற்றம் இல்லை, ஆத்திரத்தில் நடந்தது என்று டான் ஒயிட்டுக்கு அதிகபட்சமாக ஏழு வருஷம் எட்டு மாதம்தான் என்று தீர்ப்பு வந்த நாள் அது. போலீஸ் கார்கள் வரிசையாக எரிந்ததாம். நான் கலவரத்தைப் பற்றியே துருவித் துருவிக் கேட்டேன். அவருக்கோ மறுநாளைச் சொல்லத்தான் ஆசை. மறுநாள் மில்க்கின் பிறந்த நாள், 49 ஆகியிருக்கும். காஸ்ட்ரோ தெருவை அடைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர் பாட்டும் ஆட்டமுமாக இருந்தார்களாம்.

"வீட்டுக்குப் போகவே இல்லை. புகை நாறும் அதே சட்டையோடு ஆடினேன்" என்றார்.