எங்கும் ஒட்டாத ஒருவனின் கதையை எப்படி முடிப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 22. ஓராண்டாக ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் நாயகன் பதினேழு வயதுப் பையன். தந்தையின் பணிமாற்றங்களால் ஐந்து பள்ளிகளில் படித்தவன். எந்த வகுப்பிலும் கடைசியாக வந்து சேர்ந்து, மற்றவர்களுக்கு முன்பே விலகிப் போய்ப் பழகியவன். மறைக்க ஒன்றுமில்லை, அந்தப் பையன் பெரும்பாலும் நான்தான்.

கடைசி அத்தியாயத்தில் அவனுக்கு ஒரு நண்பர் குழு கிடைக்கிறது. அவர்களைப் போலவே பேசவும் உடுத்தவும் கற்றுக்கொண்டு, "இனி நான் இவர்களில் ஒருவன்" என்று அவன் நிம்மதி அடைவதோடு கதை முடிகிறது. கைப்பிரதியைப் படித்த மூவரும், மற்றப் பகுதிகள் உண்மையாக இருக்கின்றன, முடிவு மட்டும் பொய்யாக இருக்கிறது என்றார்கள். எனக்கும் அது தெரிந்தே இருந்தது, ஏனென்றால் அப்படி ஒரு நிம்மதி என் வாழ்வில் இதுவரை வந்ததில்லை. நண்பர்களோடு சிரித்துக்கொண்டிருக்கும்போதுகூட, என் சிரிப்பு அவர்களுடையதைப் போல இருக்கிறதா என்று உள்ளுக்குள் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

"நான் யார்" என்பதும் "நான் யாரைச் சேர்ந்தவன்" என்பதும் ஒரே கேள்விதானா? ஒன்றுக்கு விடை கிடைத்தால் மற்றொன்றுக்கும் கிடைத்துவிடுமா? கதைக்காகவும் எனக்காகவும் கேட்கிறேன்.

மறுமொழி 1

தம்பி, நான் பல ஆண்டுகளாக வளரிளம் பருவத்தினருக்கு மனநல ஆலோசனை வழங்கி வருகிறேன். அவை ஒரே கேள்வி அல்ல என்பது என் எண்ணம். பல நேரங்களில் அவை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. உங்கள் முடிவு பொய்யாகத் தோன்றுவதற்குக் காரணமும் அங்கேதான் இருக்கிறது.

"நான் யார்" என்று வளரும் பருவத்தில் எழும் குழப்பத்தை, அதாவது அடையாள நெருக்கடி என்ற கருத்தை, உளவியலில் நிலைநிறுத்திய எரிக் எரிக்சனின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1902-இல் ஜெர்மனியில் பிறந்த அவருக்குத் தம்மைப் பெற்ற தந்தை யார் என்பது கடைசி வரை தெரியவில்லை. யூதரான மாற்றாந்தந்தையின் வீட்டில் வளர்ந்தார். பொன்னிற முடியும் நீலக் கண்களும் கொண்டிருந்ததால் யூதர்களின் தொழுகைக்கூடத்தில் அவரை அயலான் என்றார்கள். பள்ளியிலோ யூதன் என்று ஒதுக்கினார்கள். பள்ளிப் படிப்புக்குப் பிறகு சில ஆண்டுகள் ஓவியனாக ஊர் ஊராக அலைந்தார். பின்னாளில் அமெரிக்காவில் குடியேறி, 1939-இல் குடியுரிமை பெற்றபோதுதான் எரிக்சன் என்ற பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார். எரிக்கின் மகன் எரிக் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். தேடிக் கிடைக்காத ஒன்றைத் தாமே அமைத்துக்கொண்டார் என்றே நான் அதை வாசிக்கிறேன். இளைஞர்களுக்குச் சமூகம் ஓர் இடைவெளியை, பொறுப்புகளை உடனே சுமத்தாத ஒரு கால அவகாசத்தைத் தர வேண்டும் என்று அவர் எழுதியதற்குப் பின்னால், தாம் அலைந்த ஆண்டுகளின் நினைவும் இருந்திருக்கும்.

அவருடைய கருத்தை ஜேம்ஸ் மார்சியா என்ற ஆய்வாளர் 1966-இல் விரித்தெடுத்து, இளைஞர்களிடம் நான்கு நிலைகளைக் கண்டார். தேடவும் செய்யாமல் எதிலும் பற்றும் இல்லாமல் இருப்பது ஒன்று. தேடிக்கொண்டே இருப்பது ஒன்று. தேடிப் பார்த்துப் பின் ஒன்றைத் தனதாக்கிக்கொள்வது ஒன்று. இவற்றைத் தவிர இன்னொன்றும் உண்டு, உங்கள் நாயகனுக்குப் பொருந்துவது அதுதான்: எதையும் ஆராயாமல், பிறர் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொண்டு தேடலை முன்கூட்டியே மூடிவிடுவது. வெளியிலிருந்து பார்த்தால் இந்த நிலையில் இருப்பவர் மிகவும் அமைதியாகத் தெரிவார். உங்கள் பையன் அந்தக் குழுவில் சேர்ந்ததும் தேடுவதை நிறுத்திவிடுகிறான். அதைக் கண்டடைதல் என்று கதை சொல்கிறது, வாசகர் நம்ப மறுக்கிறார். ஒரு நூறு பக்கம் அவனோடு அலைந்தவர்கள் அல்லவா அவர்கள்?

உங்கள் சிரிப்பை நீங்களே சரிபார்ப்பதைப் பற்றி ஒரு சொல். அடிக்கடி இடம் மாறி வளர்ந்த பிள்ளைகள் பலரிடம் இதைக் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு புதிய வகுப்பிலும் பிழைத்துக்கொள்ள நீங்கள் கற்ற திறமை அது. அதைக் குறையாக எண்ணி உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். அந்தச் சரிபார்ப்பு உறக்கத்தையும் பசியையும் கெடுக்கும் அளவுக்குப் போனால் மட்டும், நேரில் ஓர் ஆலோசகரைச் சந்தியுங்கள்.

மறுமொழி 2

நான் நூலகத்தில் இளையோர் பிரிவைக் கவனித்துக்கொள்பவள். முந்தைய மறுமொழியோடு உடன்படுகிறேன், ஆனால் கதைகளின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

நூல்கள் சில வேளை கண்ணாடியாகவும் சில வேளை சன்னலாகவும் இருக்கின்றன, சில வேளை நாம் உள்ளே நுழையக்கூடிய கண்ணாடிக் கதவாகவும் ஆகின்றன என்று ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியர் 1990-இல் எழுதினார். தன்னைப் போன்ற ஒருவரை எந்த நூலிலும் காணாத பிள்ளை, தான் இந்தச் சமூகத்தில் ஒரு பொருட்டே இல்லை என்ற பாடத்தைக் கற்றுக்கொள்கிறது என்பது அவருடைய கவலை. என் பணியில் இதைத் தினமும் பார்க்கிறேன். எவரோடும் பேசாத ஒரு சிறுமி ஒரே நாவலை நான்கு முறை எடுத்துச் சென்றாள். காரணம் கேட்டபோது, "இதில் வரும் பெண்ணும் வகுப்பில் பேசமாட்டாள்" என்றாள். அந்த நாவலின் முடிவைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லவில்லை. பேசாத ஒருத்தி அச்சில் இருக்கிறாள் என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஆகவே முடிவைப் பற்றி நீங்கள் இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். நாயகன் அலைந்து திரிந்து, கடைசியில் சமூகத்தில் தனக்குரிய இடத்தில் போய் அமர்வது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் உருப்பெற்ற வளர்ச்சி நாவல்களிலிருந்து நமக்கு வந்து சேர்ந்த வடிவம். அது ஒரு வடிவம்தான், விதி அன்று. ஐந்து பள்ளிகளையும் அவற்றின் முதல் நாட்களையும் நீங்கள் துல்லியமாக எழுதியிருந்தால், அந்தப் பக்கங்களுக்காகவே உங்கள் நூலைத் திரும்பத் திரும்ப எடுத்துச் செல்ல ஒருவர் வருவார்.

மறுமொழி 3

மேலே இருவரும் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் பேச்சு முழுவதும் ஒருவன் தன் உள்ளத்துக்குள் எதைக் காண்கிறான் என்பதிலேயே நிற்பது எனக்குக் குறையாகப் படுகிறது. எனக்கு இப்போது 58 வயது. பத்தொன்பது வயதில் நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன்.

அப்போது ஒரு நாடகக் குழுவின் ஒத்திகைக்குப் போவேன். நடிக்கத் தெரியாது, பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அவர்களைப் போலப் பேச முயன்றேன், அவர்கள் புகழ்ந்த நூல்களையெல்லாம் படித்தேன். எட்டு மாதங்கள் கடந்தும் நான் வெளியாள்தான். ஒரு நாள் விளக்குகளை இயக்குபவர் வரவில்லை, என்னைச் செய்யச் சொன்னார்கள். தவறுகளோடுதான் செய்தேன். அடுத்த வாரமும் செய்தேன். பின்பு காய்ச்சலில் இரண்டு நாட்கள் போகாமல் இருந்தபோது, குழுவில் அதிகம் பேசாத ஒருவர் என் வீடு தேடி வந்து, "நீ இல்லாமல் மூன்றாவது காட்சி இருட்டாக இருக்கிறது" என்றார். நான் அவர்களைப் போல ஆகிவிடவில்லை. அவர்களுடைய அரசியலும் ரசனையும் எனக்கு இன்றுவரை முழுமையாக ஒத்துவரவில்லை. ஆனால் நான் வராததை ஒருவர் கவனித்தார்.

ஒத்துப்போவதை ஒட்டுதல் என்று உங்கள் நாயகன் எண்ணிக்கொண்டிருக்கிறான். அந்த நண்பர்களின் பேச்சையும் உடையையும் அவன் கற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவனைப் பற்றி அவர்கள் எதைக் கற்றுக்கொண்டார்கள்? உங்கள் கேள்வியில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. கைப்பிரதியில் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கடைசிக் கேள்வியைப் படித்ததும் கைப்பிரதியை எடுத்துத் தேடினேன். இல்லை. கடைசி அத்தியாயத்தில் அந்த நண்பர்களில் ஒருவர்கூட அவனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவன் முன்பு எங்கே படித்தான் என்றுகூட எவரும் விசாரிக்கவில்லை. எழுதிய எனக்கே அது உறைக்காமல் போனதுதான் வியப்பாக இருக்கிறது.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். இப்போதைக்குக் கதை நான்காவது பள்ளியில், அவன் விடுப்பு எடுத்த மறுநாள் காலையில் நிற்கிறது. பக்கத்து இருக்கைப் பையன் முதல் நாள் பாடக் குறிப்புகளை இரண்டு படிகளாக எழுதி வைத்திருக்கிறான். அவற்றில் ஒன்று தனக்கானது என்று நாயகனுக்கு இன்னும் தெரியாது.