ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு: நாள் கணக்கும் நிதி வாய்ப்பும்

வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன் நெதர்லாந்துக்கு வேலைக்கு வந்த தம்பி ஒருவர், "பிரஸ்ஸல்ஸில் புதிய சட்டம் வந்துவிட்டது, இனி விருப்பம்போல் வேலை மாறலாம் என்கிறார்கள், ஐரோப்பிய ஒன்றியம் கோடிக்கணக்கில் நிதி தருகிறது என்றும் சொல்கிறார்கள். அக்கா, இவற்றில் எனக்கு உரியது எது?" என்று கேட்டிருந்தார். அவருக்குத் தனியாக எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால், மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. ஜெர்மனியில் பதினோரு ஆண்டுகளாக வாழ்கிறேன். அதில் பாதிக்கு மேல் ஐரோப்பிய நிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டங்களில் வேலை பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த "புதிய சட்டம்" பற்றி. ஒன்றியத்தின் சட்டங்களில் நமக்கு முக்கியமானவை இரண்டு வகை. ரெகுலேஷன் என்பது நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து உறுப்பு நாடுகளில் நேரடியாகவே செல்லும். டைரக்டிவ் என்பது எட்ட வேண்டிய இலக்கை மட்டும் சொல்லி, அதற்கேற்பத் தத்தம் சட்டத்தைத் திருத்திக்கொள்ளும்படி நாடுகளுக்குக் கெடு விதிப்பது. வேலை, வதிவிட அனுமதி, குடும்பத்தை அழைத்துக்கொள்வது ஆகியவை பெரும்பாலும் இரண்டாம் வகையில்தான் வருகின்றன. ஆகவே பிரஸ்ஸல்ஸில் ஒரு டைரக்டிவ் நிறைவேறிய மறுநாள் நீங்கள் உள்ளூர்க் குடிவரவு அலுவலகத்துக்குப் போய் அதைக் காட்டி உரிமை கேட்டால், அங்கே இருப்பவர் உங்களைப் புரியாமல் பார்ப்பதில் வியப்பில்லை.

தம்பி கேள்விப்பட்டது, வேலை அனுமதியையும் வதிவிட அனுமதியையும் ஒரே அட்டையாகத் தரும் ஒற்றை அனுமதி டைரக்டிவின் திருத்திய வடிவத்தை. அது 2024 ஏப்ரலில் நிறைவேறியது. நாடுகள் அதைத் தங்கள் சட்டமாக்குவதற்கு வைத்த கெடு 2026 மே 21. அதன்படி விண்ணப்பத்தின் மீது 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வேலை இழந்தால் குறைந்தது மூன்று மாதங்களும், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அனுமதி வைத்திருப்பவருக்கு ஆறு மாதங்களும் வேறு வேலை தேட அவகாசம் தர வேண்டும். வேலை தருபவரை மாற்றவும் உரிமை உண்டு. ஆனால் முதல் நிறுவனத்தில் ஆறு மாதங்கள் வரை இருந்தாக வேண்டும் என்று ஒரு நாடு நிபந்தனை வைக்கலாம், மாறுவதை முன்கூட்டியே தெரிவிக்கும்படியும் கேட்கலாம். "விருப்பம்போல்" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

செய்தியைப் படிக்கும்போது வினைச்சொல்லைப் பாருங்கள். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் "முன்மொழிந்தது" என்றால் இன்னும் எதுவும் நடக்கவில்லை. ஐரோப்பிய நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் மன்றமும் "ஏற்றுக்கொண்டன" என்றால்தான் அது சட்டம். அதன் பிறகும் உங்கள் நாடு என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். 2023 நவம்பரில் ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கான "திறனாளர் தொகுப்பு" ஒன்றை ஆணையம் முன்மொழிந்தபோது, ஐரோப்பாவின் கதவு திறந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தியை எனக்கே பலர் அனுப்பினார்கள். அது வேலை தேடுபவரையும் வேலை தருபவரையும் இணைக்கும் ஓர் இணையத்தளம் மட்டுமே; நாடுகள் விரும்பினால் சேரலாம்; அதில் பெயர் பதிவதால் விசா கிடைத்துவிடாது.

இனி நான் உண்மையில் வலியுறுத்த விரும்புவதற்கு வருகிறேன். நீங்கள் வந்திறங்கிய நாள், முகவரியைப் பதிவு செய்த நாள், முதல் அனுமதி தொடங்கிய நாள் ஆகிய மூன்றையும் சான்றுகளோடு ஒரு கோப்பில் வையுங்கள். ஒன்றியத்தின் உரிமைகளும் நிதியும் பெரும்பாலும் இந்த நாள் கணக்கில்தான் தொங்குகின்றன. ஒரு கணக்கில் நாட்கள் கூடக்கூட உங்களுக்கு நன்மை. மற்றொரு கணக்கில் நாட்கள் கூடினால் தகுதியே போய்விடும்.

நன்மை தரும் கணக்கு, ஐந்து ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்தவருக்குக் கிடைக்கும் நீண்டகால வதிவிட உரிமை. 2003-ஆம் ஆண்டின் டைரக்டிவ் தரும் உரிமை இது. பல நாடுகள் தம் சொந்தச் சட்டப்படி தரும் நிரந்தர வதிவிட அனுமதி இதனின்று வேறு. மாணவராக இருந்த காலம் இந்தக் கணக்கில் பாதியாகத்தான் சேரும். இரண்டு ஆண்டு முதுகலை படித்தவருக்கு ஓராண்டுதான் கிடைக்கும். இடையில் தொடர்ச்சியாக ஆறு மாதங்களும் மொத்தமாகப் பத்து மாதங்களும் தாண்டாமல் வெளியே இருந்தால் கணக்கு அறுபடாது. ப்ளூ கார்டு (உயர்திறன் பணியாளர்களுக்கு ஒன்றியச் சட்டப்படி தரும் வேலை, வதிவிட அனுமதி) வைத்திருப்பவருக்கு இந்த வரம்பு பன்னிரண்டு மாதங்களும் பதினெட்டு மாதங்களுமாகத் தளர்கிறது. அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக ஊருக்குப் போய், அங்கிருந்தே வேலை பார்க்க நிறுவனம் அனுமதித்ததால் ஏழெட்டு மாதங்கள் தங்கிவிட்டு வந்து, கணக்கை முதலிலிருந்து தொடங்கியவர்களை எனக்குத் தெரியும்.

ப்ளூ கார்டு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2021-இல் புதுப்பிக்கப்பட்ட அதன் டைரக்டிவ், முதல் நாட்டில் பன்னிரண்டு மாதங்கள் முடித்தவர் மற்றோர் உறுப்பு நாட்டுக்கு எளிய முறையில் வேலைக்குப் போக வழி செய்கிறது. வெவ்வேறு நாடுகளில் இருந்த காலத்தைக் கூட்டி ஐந்து ஆண்டுக் கணக்கில் சேர்க்கவும் விடுகிறது. விண்ணப்பிக்கும் நாட்டில் கடைசி இரண்டு ஆண்டுகள் மட்டும் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். ஆனால் நெதர்லாந்தில் நிறுவனங்கள் பெரும்பாலும் வாங்கித் தருவது கென்னிஸ்மைக்ரன்ட் எனப்படும் அந்நாட்டுத் திறனாளர் அனுமதியைத்தான். தம்பி, உங்கள் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். ஊதிய வரம்பு எட்டுமானால் ப்ளூ கார்டாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள், அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

தகுதியைத் தின்னும் கணக்கு ஆய்வாளர்களுக்கானது. நாம் சுருக்கமாக மேரி கியூரி என்று சொல்லும், ஒன்றியத்தின் ஆய்வு உதவித்தொகைகளுக்கு எந்த நாட்டுக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். ஆனால் முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், நீங்கள் எந்த நாட்டில் ஆய்வு செய்யப் போகிறீர்களோ அதே நாட்டில் வாழ்ந்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய உதவித்தொகைக்கு இதை விண்ணப்பக் கெடு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். முனைவர் பட்ட ஆய்வுக்கான வலையமைப்புகளில் பணியில் சேரும் நாளிலிருந்து எண்ணுவார்கள். நானே இதில் அடிபட்டவள். கணவரின் வேலைக்காக இங்கே வந்து, முதலில் மொழியைக் கற்றுக்கொள்வோம் என்று பதினான்கு மாதங்களைச் செலவிட்டு, பிறகு பொருத்தமான ஓர் இடத்தைக் கண்டு மகிழ்ந்து விண்ணப்பத்தைப் பாதி எழுதியபோதுதான் இந்த விதி கண்ணில் பட்டது. கணவர் அல்லது மனைவியின் வேலைக்காக வந்திருக்கும் முதுகலைப் பட்டதாரிகள், முதல் ஆண்டுக்குள் பணியில் சேரும்படி முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அந்தக் காலம் கடந்துவிட்டால் பக்கத்து நாட்டில் இருக்கும் இடங்களைப் பாருங்கள். ஈழத்திலிருந்து வந்து அகதி உரிமைக்காகக் காத்திருந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு: அந்த விசாரணைக்காகக் காத்திருந்த காலத்தை இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

மாணவர்களுக்கு: 2016-இன் டைரக்டிவ்படி படிப்பு முடிந்தபின் வேலை தேடவோ தொழில் தொடங்கவோ குறைந்தது ஒன்பது மாதங்கள் தங்கலாம், பல நாடுகள் அதைவிடக் கூடுதலாகவே தருகின்றன.

நிதிக்கு வருவோம். இப்போதைய வரவு செலவுத் திட்டம் 2021 முதல் 2027 வரைக்குமானது. அதில் ஆய்வுக்கான ஹொரைசன் யூரோப்புக்கு முதலில் ஒதுக்கியது 9,550 கோடி யூரோ, கல்விக்கான எராஸ்மஸ் பிளஸ்ஸுக்கு ஏறத்தாழ 2,620 கோடி யூரோ. 2028 முதல் 2034 வரைக்கான அடுத்த திட்டத்தை ஆணையம் 2025 ஜூலை 16 அன்று முன்வைத்தது. மொத்தம் ஏறத்தாழ 2 லட்சம் கோடி யூரோ என்றும், ஹொரைசனுக்கு 17,500 கோடி என்றும் அதில் இருந்தது. முன்வைத்தது என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். எல்லா அரசுகளும் ஒருமனதாக ஏற்று, நாடாளுமன்றமும் இசைந்தால்தான் அது உறுதியாகும்.

இந்தப் பணம் தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு நேரே வருவது அரிது. பல்கலைக்கழகம், நிறுவனம், நகராட்சி, பதிவு பெற்ற சங்கம் ஆகியவற்றுக்குப் போய், அவற்றின் வழியே உங்களுக்கு ஊதியமாகவோ பயிற்சியாகவோ வரும். எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைப் படிப்புகளில் மாதம் 1,400 யூரோ உதவித்தொகை உண்டு. அதற்கும் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகக் குழுவிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் தொடக்க நிலை மானியம் ஐந்து ஆண்டுகளுக்கு 15 லட்சம் யூரோ வரை. உங்களை ஏற்க ஒரு நிறுவனம் வேண்டும், குடியுரிமை எதுவாயினும் பொருட்டில்லை. 2025 மே 5 அன்று பாரிஸின் சொர்போனில் ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லையன் ஐரோப்பாவுக்கு ஆய்வாளர்களை ஈர்க்க 50 கோடி யூரோ அறிவித்தார். அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வில் இருக்கும் உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆய்வுக்குத் தொடர்பில்லாதவர்கள் ஐரோப்பிய சமூக நிதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021-27 காலத்தில் அதற்கு ஒதுக்கியது ஏறத்தாழ 9,900 கோடி யூரோ. வேலைவாய்ப்பு அலுவலகமோ உள்ளூர்த் தொண்டு நிறுவனமோ இலவசமாக நடத்தும் தொழிற்பயிற்சி வகுப்பின் சுவரொட்டி மூலையில், நீல நிறத்தில் பன்னிரண்டு விண்மீன்கள் கொண்ட கொடி இருந்தால், அந்தப் பணம் இப்படி வந்ததாக இருக்கலாம். நீங்கள் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை, வகுப்பில் சேர்ந்தால் போதும். தயவுசெய்து வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். இலவசம் என்றால் தரமிருக்காது என்று நம்மவர்கள் ஒதுங்குவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

கேள்வி (பிரான்ஸிலிருந்து ஓர் அண்ணன்): நாங்கள் ஞாயிறு தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம். எங்களுக்கு ஐரோப்பிய நிதி கிடைக்குமா?

தமிழ் கற்பிப்பதற்கு மட்டும் என்று எழுதினால் கிடைப்பது கடினம், அண்ணா. ஆனால் எராஸ்மஸ் பிளஸ்ஸில் சிறிய கூட்டுத் திட்டங்கள் என்று ஒரு பிரிவு இருக்கிறது. முன்னனுபவம் இல்லாத சிறு அமைப்புகளை மனத்தில் வைத்தே அதை உருவாக்கியிருக்கிறார்கள். இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு அமைப்புகள் போதும். தொகை 30,000 அல்லது 60,000 யூரோ என்று முன்பே நிலையாக வகுத்தது. உங்கள் பள்ளி பதிவு பெற்ற சங்கமாக இருக்க வேண்டும். ஜெர்மனியிலோ நார்வேயிலோ இருக்கும் ஒரு தமிழ்ப் பள்ளியோடு சேரலாம். நார்வே ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் இந்தத் திட்டத்தில் முழுப் பங்காளி. எல்லோரையும் சமூகத்தில் சேர்த்துக்கொள்வது, மின்னணுத் திறன், சுற்றுச்சூழல், குடிமைப் பங்கேற்பு ஆகியவை திட்டத்தின் முன்னுரிமைகள் என்பதால், இருமொழிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் தன்னார்வ ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்பதுபோல் அமைத்தால் பொருந்தும். விண்ணப்பிக்கும் முன் உங்கள் நாட்டு எராஸ்மஸ் முகமையை அழைத்துப் பேசுங்கள். ஆலோசனை சொல்வது அவர்களுடைய வேலை, அதற்குக் கட்டணம் இல்லை.

கட்டணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஐரோப்பிய மானியத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் கிடையாது. "முன்பணம் கட்டுங்கள், மானியம் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது பேசினால், தமிழில் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

கேள்வி (ஸ்வீடனிலிருந்து ஒரு தங்கை): பிரசவத்துக்கு அம்மா வரப் போகிறார். விமான நிலையத்தில் முகப்பதிவு என்கிறார்களே, என்ன அது?

அது நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை, தங்கையே. 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கியது. கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக, குறுகிய காலத்துக்கு வருபவர்களின் நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதிகிறார்கள். வதிவிட அனுமதி வைத்திருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது; அம்மாவுக்குப் பொருந்தும். எந்த 180 நாட்களை எடுத்தாலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது என்பது பழைய விதிதான். முன்பு மங்கலான முத்திரையைப் பார்த்து அதிகாரி விரல்விட்டு எண்ணினார்; இப்போது கணினியே எண்ணுகிறது. விசாவில் எழுதியிருக்கும் தங்கல் நாட்கள் 90-க்குக் குறைவாகவும் இருக்கலாம் என்பதால் அதையும் பாருங்கள். குழந்தைக்குப் பெயர் வைத்து, நல்ல நாள் பார்த்து, மெதுவாகக் கிளம்பலாம் என்று பயணச்சீட்டைத் தள்ளிப் போடாமல், பிரசவ நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அம்மா வரும் நாளை முடிவு செய்யுங்கள்.

கேள்வி (முதலில் கேட்ட தம்பி): விதி ஒன்றாகவும் அலுவலகத்தில் சொல்வது வேறாகவும் இருந்தால் யாரிடம் முறையிடுவது?

முதலில் உங்கள் நாட்டின் மேல்முறையீட்டு வழி. அதன் கெடுவைத் தவறவிடாதீர்கள், பெரும்பாலும் சில வாரங்கள்தான் தருவார்கள். அதற்குப் பதிலாக அல்ல, அதோடு கூடவே செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஒன்றியத்தின் சட்டம் சரியாக நடைமுறையாகவில்லை என்று ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்புவது. குடிமக்கள் மட்டுமல்லாமல் அங்கே வாழும் எவரும் அனுப்பலாம். 24 அலுவல் மொழிகளில் ஒன்றில் எழுத வேண்டும். அவற்றுள் ஆங்கிலமும் உண்டு. உங்கள் தனி வழக்கை அது தீர்த்துவைக்காது, பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ஆனாலும் அனுமதி தொடங்கிய நாளும், அலுவலகம் எழுத்தில் தந்த பதிலும் கையில் இருந்தால் அனுப்புங்கள். வாய்மொழியாக மறுத்தால், மறுப்பை எழுத்தில் தரும்படி அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.