ஹைட்ராவை எடுத்துவிட்டுப் பேசுங்கள்

பழையரீல்:
நேற்று ஒரு புண்ணியவான் எழுதியதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ‘கேப்டன் அமெரிக்கா: தி விண்டர் சோல்ஜர்’ (2014) எழுபதுகளின் அரசியல் திரில்லர்களுக்குச் சமமாம். ஏனென்றால் அதில் ராபர்ட் ரெட்ஃபோர்டு இருக்கிறாராம்! ‘த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டார்’ (1975) படத்தில் சிஐஏ-வுக்குப் பயந்து ஓடியவரையே இதில் ஷீல்டு உளவு அமைப்புக்கு மேலே பெரிய மனிதராக உட்கார வைத்துவிட்டார்களாம். நாற்காலியில் ஆளை மாற்றினால் ஆச்சா? முதல் பாதி நன்றாகவே போகிறது, மறுக்கவில்லை. ரெட்ஃபோர்டு நடிக்கும் பியர்ஸ், ஷீல்டுக்குள் ஒளிந்திருக்கும் ஹைட்ரா என்ற நாஜிக் கால ரகசியக் கும்பலின் ஆள் என்று தெரிந்த நிமிஷமே படம் போச்சு. அதுவரை அரசாங்கத்தின் தப்பு. அப்புறம் நாஜிகளின் மிச்சம் மீதி செய்த தப்பு. பார்க்கிற அமெரிக்கன் நிம்மதியாகக் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

கேடயம்:
அந்தப் புண்ணியவான் நான்தான், அண்ணே. பெயரைச் சொல்லியே திட்டுங்கள், கோபிக்க மாட்டேன். ஆறு பத்தி எழுதியிருந்தேன். அதில் ஒரு வரியை மட்டும் கிள்ளிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஹைட்ரா என்ற பேச்சே எழும் முன்னால் ஷீல்டின் தலைவர் ஃப்யூரி, கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போய் மூன்று பறக்கும் போர்க்கப்பல்களைக் காட்டுகிறாரா இல்லையா? ஆபத்து வருவதற்கு முன்பே ஆளைத் தீர்த்துவிடலாம் என்கிறார். குற்றத்துக்கு அப்புறம்தானே தண்டனை என்று ஸ்டீவ் கேட்டால், அதுவரை காத்திருக்க நமக்குக் கட்டுப்படியாகாது என்கிறார். சொல்வது ஹைட்ராவா? இல்லை, நம் பக்கத்து நல்லவர். அரசியல் அங்கேதான் இருக்கிறது.

இடைவேளை:
அரசியல் திரில்லர் என்றால் என்ன என்று யாராவது சொல்லிவிட்டு அடித்துக்கொள்ளலாமே?

பழையரீல்:
அதே ஃப்யூரிதானே அப்புறம் பியர்ஸிடம் போய்த் திட்டத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்கிறார்? எதற்கு? மனசாட்சியா? தன்னிடம் இருந்த பென் டிரைவைத் தன்னாலேயே திறக்க முடியவில்லை, அவ்வளவுதான். உடனே அவரைச் சுடுகிறார்கள், நமக்கும் அவர்மேல் பாவம் வந்துவிடுகிறது. முடிந்தது கணக்கு. ஹைட்ராவை எடுத்துவிட்டுப் பேசுங்கள். எடுத்துவிட்டால் அந்த மூன்று கப்பலையும் யார் நிறுத்துவார்கள்? ஒருவரும் நிறுத்த மாட்டார்கள். துணிச்சல் இருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க வேண்டும்.

வாணி_ம:
எடுத்துவிட்டே பேசுவோம் சார். உங்கள் காண்டாரில் வில்லன் யார்? சிஐஏ-வுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி சிஐஏ. மேலிடத்துக்குத் தெரியாமல் எண்ணெய் வயல்களைப் பிடிக்கத் திட்டம் போடும் நாலு பேர். அமைப்பு நல்லது, உள்ளே புகுந்த சிலர் கெட்டவர்கள் என்ற அதே சாக்கு. சட்டையில் சின்னம் குத்தாவிட்டால் அது கலை, ஆக்டோபஸ் குத்தினால் குப்பையா?

பழையரீல்:
இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். காண்டாரின் கடைசிக் காட்சியைப் பார்க்காதவர்கள்தான் இதைக் கேட்பார்கள்.

அந்தக் குட்டி சிஐஏ-வை நடத்தியவன் செத்த பிறகும் படம் முடிவதில்லை, அம்மா. நடுத்தெருவில் ஹிக்கின்ஸ் வந்து நிற்கிறான். அவன் ரகசியக் கும்பல் இல்லை, சம்பளம் வாங்கும் அசல் அதிகாரி. அந்தத் திட்டத்தில் தப்பே இல்லை என்கிறான். இன்றைக்கு எண்ணெய், பத்துப் பதினைந்து வருஷத்தில் சாப்பாடு. அப்போது ஜனங்கள் ‘எங்களிடம் கேட்காதே, கொண்டுவந்து கொடு’ என்பார்கள் என்கிறான். எல்லாவற்றையும் நியூயார்க் டைம்ஸிடம் சொல்லிவிட்டேன் என்கிறார் ரெட்ஃபோர்டு. அவர்கள் அச்சிடுவார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறான். படம் முடிந்தது. பதில் கிடையாது. மழைக்குப் பின்வாசல் வழியாகச் சாப்பாடு வாங்கப் போனதால் மட்டும் பிழைத்தவன், கடைசியில் தெருவில் அப்படியே நிற்கிறான். நாற்பது வருஷம் கழித்தும் எனக்கு அந்த முகம் மறக்கவில்லை.

விண்டர் சோல்ஜரில் ஹிக்கின்ஸ் எங்கே? ஹைட்ரா, ஹைட்ரா, ஹைட்ரா. காதருகே வந்து ‘ஹெயில் ஹைட்ரா’ என்று முணுமுணுத்தால் போதும், அவன் கெட்டவன். யோசிக்கிற வேலை நமக்கு மிச்சம்.

கேடயம்:
ஹிக்கின்ஸ் வேண்டுமா? பியர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகப் பாதுகாப்புக் குழுவில் இந்தியர் ஒருவர் இருக்கிறார், சிங். அவரைப் பார்த்து பியர்ஸ் கேட்கிறான்: நாளைக்குப் பாகிஸ்தான் மும்பைக்குள் நுழைந்து உன் மகள்களை மைதானத்துக்கு இழுத்துப் போய்க் கொல்லப் போகிறது, ஒரு சுவிட்சைத் தட்டினால் நிறுத்திவிடலாம், தட்டமாட்டாயா? அது உன் கையில் இருக்கும் சுவிட்ச் என்றால் தட்டமாட்டேன் என்கிறார் சிங். உடனே அவர்மேல் துப்பாக்கியை நீட்டுகிறான் பியர்ஸ். ஆள் ஹைட்ராதான். வாதம் ஹைட்ராவுடையதா? உலகத்தில் எந்த உள்துறை அமைச்சரும் சொல்லக்கூடிய வாதம் அது.

மாட்டுங்கா மணி:
அந்தக் காட்சியில் அவன் சொல்வது கால்பந்து மைதானம். மும்பையைப் பற்றி வசனம் எழுதுகிறவனுக்குக் கிரிக்கெட் என்று ஒரு வார்த்தை தோன்றவில்லை பாருங்கள். இவர்கள்தான் உலக அரசியல் பேசுகிறார்களாம்.

இடைவேளை:
மும்பையில் கால்பந்து மைதானமே இல்லையா அண்ணே? கூப்பரேஜ் என்ன பல்லாங்குழி ஆடவா கட்டினார்கள்?

மாட்டுங்கா மணி:
கூப்பரேஜ் பக்கமே போகாதவர்கள் எல்லாம் எனக்குச் சொல்ல வேண்டாம். இருக்கிறது என்பது வேறு, முதலில் வாயில் வருவது வேறு. முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன்.

பழையரீல்:
தயவுசெய்து மைதானத்தை விடுங்கள். அந்தக் கேள்வியைப் பியர்ஸ் கேட்கும்போது அவன் ஹைட்ரா என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் சிங் பக்கம் நிற்பது சுலபம். முன்னாலேயே கேட்டிருந்தால் தியேட்டரில் பாதிப் பேர் சுவிட்சைத் தட்டச் சொல்லிக் கத்தியிருப்பார்கள். இயக்குநர்களுக்கு அந்தப் பயம். ஹைட்ராவை எடுத்துவிட்டுப் பேசுங்கள்.

வாணி_ம:
இதைப் பதினைந்து முறை சொல்லிவிட்டீர்கள் சார். லிஃப்ட் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்டீவ் ஏறுகிறார். ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று ஆட்கள் ஏறுகிறார்கள், கூட வேலை செய்பவர்கள்தான். ஒருவன் கை துப்பாக்கி உறைமேல் இருக்கிறது. இன்னொருவன் நெற்றியோரம் வேர்வை வழிகிறது. சண்டைக்கு முன்னால் ஸ்டீவ் அமைதியாகக் கேட்கிறார், யாராவது இறங்கிக்கொள்கிறீர்களா என்று. அரசாங்க அலுவலகத்தில் நேற்று வணக்கம் சொன்னவன் இன்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்பதுதான் எனக்குத் திரில்லர். கேடயமும் பறக்கும் கப்பலும் அதற்கு மேலே போட்ட பெயின்ட்.

கேடயம்:
வாணி அக்கா சொன்னது சரி. இன்னொன்றும் உண்டு. ஹைட்ரா விஞ்ஞானி சோலா போட்ட கணினிக் கணக்கு எதையெல்லாம் படிக்கிறது என்று, ஷீல்டுக்குள் இருக்கும் ஹைட்ரா ஆள் சிட்வெல் மொட்டைமாடியில் உளறுகிறானே: வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, ஓட்டுப் போட்ட விதம், மின்னஞ்சல், பரீட்சை மார்க். அதை வைத்து யாரைக் கொல்வது என்று முடிவு. பட்டியலில் கெய்ரோவில் செய்தி வாசிப்பவர் இருக்கிறார், அயோவா சிட்டியில் பள்ளியில் முதலிடம் வந்த மாணவர் இருக்கிறார். ஒபாமா நிர்வாகத்தின் கொலைப் பட்டியல் பற்றி நியூயார்க் டைம்ஸ் எழுதியது 2012 மே மாதம். இந்தப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, 2013 ஜூனில், அமெரிக்க அரசு ஊரையே ஒட்டுக்கேட்பதை அம்பலப்படுத்திய ஸ்னோடென் விவகாரம் வெடித்தது. இவ்வளவு பக்கத்தில் போன பெரிய பட்ஜெட் படம் ஒன்று சொல்லுங்கள்.

இடைவேளை:
‘தி டார்க் நைட்’ (2008). ஊரில் உள்ள எல்லார் செல்போனையும் பேட்மேன் ஒட்டுக்கேட்கிறார்.

பழையரீல்:
ஒட்டுக்கேட்டு, ஜோக்கரைப் பிடித்து, இயந்திரத்தையும் அழித்துவிடுகிறார். எல்லாருக்கும் சந்தோஷம். அதுவும் இதே வியாதிதான், மருந்தின் பெயர்தான் வேறு.

ஸ்னோடென் என்று சொன்னதும் நல்லதாகப் போச்சு. ரகசியத்தை வெளியிட்ட ஸ்னோடென் ஹாங்காங்குக்கு ஓடினார், பாஸ்போர்ட்டை ரத்து செய்தார்கள், மாஸ்கோ விமான நிலையத்தில் வாரக்கணக்கில் கிடந்தார். படத்தில் ஷீல்டு உளவாளி நடாஷா? அமைப்பின் எல்லா ஃபைல்களையும் இணையத்தில் கொட்டிவிட்டு செனட் விசாரணைக்கு வருகிறார். எங்களைச் சிறையில் போடமாட்டீர்கள், நாங்கள் உங்களுக்குத் தேவை என்று சொல்லிவிட்டு எழுந்து நடக்கிறார். கேமராக்கள் மின்னுகின்றன. ஏன் அவ்வளவு சுலபம்? அவர் காட்டிக்கொடுத்தது ஹைட்ராவை! அரசாங்கத்தைக் காட்டிக்கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி.

கேடயம்:
ஷீல்டின் ரகசியமும் அதே குப்பையோடுதான் வெளியே போனது. ஃப்யூரி ஷீல்டைக் காப்பாற்றப் பார்க்கிறார், ஸ்டீவ் முடியாது, அதுவும் சேர்ந்து போகட்டும் என்கிறார். அந்தக் காட்சி வந்தபோது தூங்கிவிட்டீர்களா? அமைப்பையே இழுத்து மூடிய படத்தைப் பார்த்துக் கை கழுவியது என்கிறீர்கள்.

பழையரீல்:
மூடியது எதனால்? ஹைட்ரா புகுந்ததால். புகாவிட்டால் திறந்துதானே இருக்கும்.

மாட்டுங்கா மணி:
கூப்பரேஜ் பற்றி எழுதியவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

கேடயம்:
சரி அண்ணே, மரியாதையாகவே கேட்கிறேன். போன வருஷம் இதே காண்டார் படத்தை ஆலன் பக்குலா எடுத்தார் என்று என்னோடு ஒரு வாரம் சண்டை போட்டவர் நீங்கள். எடுத்தவர் சிட்னி பொல்லாக். இன்றைக்கு அதே படத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஒரு வருஷமாக அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பழையரீல்:
பக்குலா எடுத்தது ‘தி பேரலக்ஸ் வியூ’ (1974), ‘ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்’ (1976). இரண்டாவதில் ரெட்ஃபோர்டு உண்டு. அதனால் ஒரு கைத்தவறு. தட்டச்சில் யாருக்கும் வரும். ஆனால் இவர்கள் ஹைட்ராவைக் கைத்தவறாக வைக்கவில்லையே, தம்பி.

வாணி_ம:
கைத்தவறா? மூன்று பதிவு, நடுவில் ஒரு கவிதை. நான் சேமித்து வைத்திருக்கிறேன் சார், ஒட்டட்டுமா?