லீஸில் இருப்பவர்கள் காலி செய்ய மறுக்கிறார்கள்: 12 லட்சத்தை யார் தர வேண்டும்?

அல்சூர்வாசி:
வணக்கம். வாடகை வருமானத்துக்காக பெங்களூர் ராமமூர்த்தி நகரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை வாங்கிப் பத்திரப்பதிவையும் முடித்துவிட்டேன். அதில் குடியிருக்கும் குடும்பத்தினர், மாத வாடகைக்குப் பதிலாகப் பழைய உரிமையாளரிடம் லீஸுக்கு மொத்தமாகக் கொடுத்த 12 லட்சம் ரூபாய் கைக்கு வந்தால்தான் சாவியைத் தருவோம் என்கிறார்கள். அவரோ இப்போது தொலைபேசியை எடுப்பதே இல்லை. வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை. வங்கித் தவணை 5ஆம் தேதி தொடங்குகிறது. தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

ஹொரமாவு குமார்:
லீஸ் ஒப்பந்தம் எப்போது, எத்தனை ஆண்டுகளுக்குப் போடப்பட்டது? அது பதிவானதா? பணம் வங்கி வழியாகப் போனதா, ரொக்கமா? உங்கள் கிரயப் பத்திரத்தில் சுவாதீனத்தை, அதாவது வீட்டைக் கைவசம் ஒப்படைப்பதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? விற்றவருக்குத் தர வேண்டிய தொகை ஏதேனும் பாக்கி இருக்கிறதா? இவை தெரியாமல் யாரும் சரியான பதில் சொல்ல முடியாது.

வரிக்கணக்கர்:
ரொக்கம்தான் இதில் முதல் கேள்வி என்பேன். ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விழலாம். விற்றவரைப் பேச்சுக்கு வரவழைக்க இது உதவும்.

மூத்த உறுப்பினர்:
வில்லங்கச் சான்றை மட்டும் நம்பி வீடு வாங்காதீர்கள் என்று இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்பது எனக்கே நினைவில்லை. பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். இந்த ஊரில் பெரும்பாலான லீஸ் ஒப்பந்தங்கள் முத்திரைத்தாளோடு நின்றுவிடுகின்றன. ஒரு சொத்தில் யார் குடியிருக்கிறாரோ அவருடைய உரிமை வாங்குபவருக்குத் தெரியும் என்றே 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 3ஆம் பிரிவின் விளக்கத்தில், கருதிக்கொள்கிறது. கதவைத் தட்டிக் கேட்டிருக்க வேண்டியது உங்கள் கடமை.

அல்சூர்வாசி:
கதவைத் தட்டினேன் ஐயா, இரண்டு முறை போனேன். அந்த அம்மா ஃபில்டர் காபி கொடுத்து, பால்கனியில் மழைநீர் இறங்கும் இடத்தைக்கூடக் காட்டினார். எவ்வளவு பணம் கொடுத்து இருக்கிறீர்கள் என்ற ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. மாத வாடகைக்கு இருக்கிறார்கள், மாதக் கடைசியில் போய்விடுவார்கள் என்று விற்றவர் சொன்னதை நம்பிவிட்டேன். ஒப்பந்தம் 2022 ஜூலையில் மூன்று ஆண்டுகளுக்குப் போடப்பட்டது, பதிவு இல்லை. 10 லட்சம் வங்கி வழியாகவும் 2 லட்சம் ரொக்கமாகவும் கொடுத்திருக்கிறார்கள். கிரயப் பத்திரத்தில் 'காலி சுவாதீனம்' என்றிருக்கிறது. முழுத் தொகையையும் கொடுத்துவிட்டேன்.

கே.ஆர்.புரம் செல்வன்:
ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு இல்லையென்றால் அந்த மூன்றாண்டு ஒப்பந்தம் நிற்காது. 15 நாள் நோட்டீஸ் கொடுங்கள், போகாவிட்டால் மின்சாரத்தைத் துண்டியுங்கள்.

லீஸில் குடியிருப்பவள்:
இரண்டாவது யோசனையைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். நானும் பானசவாடியில் லீஸ் வீட்டில்தான் இருக்கிறேன். என் நகைகளை விற்றும் தம்பியிடம் கடன் வாங்கியும் சேர்த்த பணம் அது. வீட்டு உரிமையாளர் மாறிய செய்தி எங்களைப் போன்றவர்களுக்குப் புது உரிமையாளர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது. சட்டப்படியல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடர்ந்து சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம் என்று குறிப்பிட்ட தீர்வுச் சட்டத்தின் (Specific Relief Act) 6ஆம் பிரிவு சொல்கிறது.

மூத்த உறுப்பினர்:
மாத வாடகை இல்லாமல் மொத்தப் பணத்தின் பேரில் குடியிருப்பது குத்தகையே அல்ல. அது போக்கியம், அதாவது சுவாதீன அடமானம். இந்த அடிப்படையைப் புரிந்துகொண்டு பேசுங்கள்.

கே.ஆர்.புரம் செல்வன்:
அடமானம் என்றால் அதையும் பதிவு செய்திருக்க வேண்டுமே. இரண்டு வழியிலும் அந்தத் தாள் பலவீனமானதுதான்.

ஹொரமாவு குமார்:
பெயர் எதுவானாலும் பணத்தை வாங்கியவர் விற்றவர். விற்கும் சொத்தின் மீதுள்ள வில்லங்கத்தைத் தீர்ப்பதும் சுவாதீனம் தருவதும் விற்பவரின் பொறுப்பு என்று அதே 1882 சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. 'காலி சுவாதீனம்' என்று அவரே கையெழுத்தும் போட்டிருக்கிறார். அல்சூர்வாசி, வழக்கறிஞர் மூலம் அவருக்கு உடனே நோட்டீஸ் அனுப்புங்கள். குடியிருப்பவர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள், அவர்களிடம் உள்ள ஒப்பந்த நகலும் 10 லட்சம் போன வங்கிப் பதிவும்தான் உங்களுக்கு மிக வலுவான சாட்சி. நீங்கள் உங்கள் கையிலிருந்து பணம் கொடுக்க நேர்ந்தால், மூன்று தரப்பும் கையெழுத்திடாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அல்சூர்வாசி:
நோட்டீஸுக்குப் பிறகு விற்றவர் பேச வந்தார். வழக்கறிஞர் அலுவலகத்தில் மூவரும் கையெழுத்திட்டோம். 8 லட்சம் நேரடியாக அந்தக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்குப் போய்விட்டது. மீதி 4 லட்சத்துக்குப் பின்தேதியிட்ட காசோலை கொடுத்திருக்கிறார். அது பணமானதும் சாவி தருவார்கள். குமார் சாருக்கு நன்றி.

லீஸில் குடியிருப்பவள்:
அந்தக் காசோலை யார் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது? பணமாகாவிட்டால் அவர்கள் எத்தனை நாள் இருக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறீர்களா?