லண்டனில் பழைய உளவுப் படங்கள்: 35 மி.மீ.யா, 4கே-யா? எங்கே உட்காருவது?

மாலைக்காட்சி கேட்டது:

அறுபதுகளின் உளவுப் படங்களைப் பெரிய திரையில் வரிசையாகப் பார்த்துவிடலாம் என்று திட்டம். பழைய படங்கள் போடும் பிரின்ஸ் சார்ல்ஸ், பிஎஃப்ஐ சவுத்பேங்க் தியேட்டர்கள் இரண்டும் எனக்குப் போய்வர வசதி. இந்தப் படங்களை எல்லாம் இதுவரை டிவியிலும் லேப்டாப்பிலும்தான் பார்த்திருக்கிறேன். சில சந்தேகங்கள்.

ஒரே படத்தை ஒரு தேதியில் 35 மி.மீ. ஃபிலிம் என்றும் இன்னொரு தேதியில் 4கே டிஜிட்டல் என்றும் போடுகிறார்கள். எதற்கு டிக்கெட் எடுப்பது? எந்த வரிசை நல்லது? சில படங்கள் திரையை முழுக்க நிரப்புகின்றன, சில நடுவில் மட்டும் விழுகின்றன. அது குறையா, இல்லை அப்படித்தான் இருக்க வேண்டுமா? சப்டைட்டில் இல்லாமல் அந்தக் காலத்து பிரிட்டிஷ் உச்சரிப்பு பிடிபடுமா? எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

ஸ்கோப்லென்ஸ்:

35 மி.மீ.யா 4கே-யா என்பதற்குப் பொது விடை கிடையாது. அந்த பிரிண்ட், அதாவது புரொஜெக்டரில் ஓடும் ஃபிலிம் பிரதி, எந்தக் காலத்தது என்பதுதான் கேள்வி. அட்டவணையில் "35 மி.மீ." என்று மட்டும் போட்டிருந்தால் தியேட்டருக்கு ஒரு மெயில் தட்டுங்கள்: படம் வெளியானபோது எடுத்த பிரிண்டா, பிற்பாடு எடுத்ததா, நிறம் எப்படி இருக்கிறது? இந்த மாதிரி தியேட்டர்களில் இதைக் கேட்பது சாதாரணம்.

வண்ணப் படமென்றால் நிறத்தைக் கட்டாயம் கேளுங்கள். ஐம்பதுகளிலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை எடுத்த ஈஸ்ட்மன்கலர் பிரிண்டுகளில் மஞ்சள் சாயமும் நீலப்பச்சைச் சாயமும் வெளிறிவிடும், மெஜந்தா மட்டும் தங்கும். வானம், புல்வெளி, முகம் எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு. புரொஜெக்டரில் எதை மாற்றினாலும் அது சரியாகாது. அதே காலத்து பிரிண்ட் டெக்னிகலரின் சாயமேற்றும் முறையில் எடுத்ததாக இருந்தால் கதையே வேறு. அந்தச் சாயங்கள் இன்றைக்கும் அப்படியே நிற்கின்றன. அடர்ந்த கறுப்பும் ரத்தச் சிவப்பும் டிஜிட்டலில் பார்க்கும்போது இருப்பதைவிட வேறு மாதிரி கனமாகத் தெரியும். அப்படி ஒரு பிரிண்ட் வந்தால் 4கே-யை யோசிக்கவே வேண்டாம். எண்பதுகளுக்குப் பிறகு எளிதில் வெளிறாத ஃபிலிம் ஸ்டாக்கில் எடுத்த பிரிண்டும் நம்பகமானது. வெளிறிய பிரிண்ட் என்று தெரிந்தால் 4கே-க்கே போங்கள்.

கறுப்பு வெள்ளையில் இந்தத் தொல்லை இல்லை. படிமம் சாயத்தால் ஆனதல்ல, வெள்ளியால் ஆனது. 1965-இல் மார்ட்டின் ரிட் எடுத்த 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்' போன்ற படத்துக்கு 35 மி.மீ. காட்சி கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். ஆஸ்வால்ட் மோரிஸின் ஒளிப்பதிவில் அந்தச் சாம்பல் நிறங்களுக்குள் எத்தனை படி இருக்கிறது என்பது ஃபிலிமில்தான் தெளியும்.

இனி, படம் நடுவில் மட்டும் விழுவது. அது குறையல்ல, சரியாகப் போடுகிறார்கள் என்பதற்கு அடையாளம். பல அரங்குகளில் உயரம் மாறாது, அகலம்தான் மாறும். ஸ்கோப் படத்துக்கு (அகலம் உயரத்தைப் போல 2.39 மடங்கு) திரை 10 மீட்டர் அகலம் என்று வையுங்கள், உயரம் ஏறத்தாழ 4.2 மீட்டர் வரும். அதே உயரத்தில் 1.66 விகிதப் படம் (அகலம் உயரத்தைப் போல 1.66 மடங்கு) 7 மீட்டர் அகலம்தான் இருக்கும். 1949-இல் வந்த 'தி தேர்ட் மேன்' மாதிரி 1.37 விகிதப் படம் 5.7 மீட்டரோடு நின்றுவிடும். பக்கவாட்டில் கறுப்புத் துணி நகர்ந்து வந்து மூடும்.

ஜேம்ஸ் பாண்ட் படங்களிலேயே இதைப் பார்க்கலாம். 'டாக்டர் நோ', 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்', 'கோல்ட்ஃபிங்கர்' மூன்றும் சாதாரண லென்ஸில் எடுத்தவை, குறுகலாகத்தான் இருக்கும். 1965-இல் 'தண்டர்பால்' பானாவிஷன் ஸ்கோப்புக்குப் போனது. அதில் கடலுக்கடியில் நடக்கும் சண்டைக்குத் திரை முழு அகலத்துக்குத் திறந்துகொள்ளும். அப்புறம் 1973, 1974-இல் வந்த இரண்டு படங்கள் மறுபடி குறுகல். அடுத்தடுத்து பார்த்தால் இந்த வித்தியாசமே ஒரு பாடம்.

உண்மையான குறை எது என்றால், 1.66 படத்தை, புரொஜெக்டரில் படத்தின் ஓரத்தை மறைக்கும் 1.85 விகிதத் தகடு போட்டு ஓட்டுவது. உயரத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும், நெற்றியும் தொப்பியும் வெட்டுப்படும். 1.37 படத்தை அப்படி ஓட்டினால் கால்வாசிப் படம் காலி. டைட்டில் எழுத்துகள் மேலோ கீழோ வெட்டுப்படுகின்றனவா என்று முதல் நிமிடத்திலேயே பாருங்கள். வெட்டுப்பட்டால் உடனே எழுந்து வெளியே நிற்கும் ஊழியரிடம் சொல்லுங்கள். "படம் நல்லா இல்லை" என்று சொல்வதைவிட "மேல்பக்கம் தலை வெட்டுப்படுகிறது, விகிதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று சொன்னால் புரொஜெக்டர் கேபினுக்குச் செய்தி சரியாகப் போகும்.

லூசியம்வாசி:

கதிரை விசயத்தை நான் சொல்லுறன். ஸ்கோப் படத்துக்கு, படத்தின்ர அகலத்தைப் போல ஒண்டரை மடங்கு தூரம் நல்ல இடம். பார்வைக் கோணம் 37 பாகை அளவு வரும். மேல ஸ்கோப்லென்ஸ் சொன்ன 10 மீட்டர் திரையெண்டால் 15 மீட்டர். ஆனா 'தி தேர்ட் மேன்' பாக்கப் போறீங்களெண்டால் அந்தக் கணக்கு 8.6 மீட்டருக்கு இறங்கீடும். அதாவது வழக்கமா இருக்கிற வரிசையை விட ஆறேழு வரிசை முன்னுக்கு வரவேணும். கன பேர் எல்லாப் படத்துக்கும் ஒரே இடத்தில இருந்துபோட்டு, பழைய படம் சின்னனாத் தெரியுது எண்டு குறை சொல்லுவினம். ரிக்கெற் எடுக்க முதல் படத்தின்ர விகிதத்தைப் பாருங்கோ, பிறகு வரிசையைத் தெரிவு செய்யுங்கோ.

நடுவில இருந்து கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை. ஆனா ஓரக் கதிரை வேண்டாம். முகங்கள் ஒடுங்கித் தெரியும்.

பிரின்ஸ் சார்ல்ஸில ரெண்டு திரை. கீழ பெரிசு, மேல சின்னன். எந்தத் திரை எண்டதைப் பாத்து எடுங்கோ. பிஎஃப்ஐயில என்எஃப்டி 1 எண்ட அரங்குதான் பெரிசு. 70 மி.மீ.யும், 1950களுக்கு முந்தின நைட்ரேற் பிரிண்டும் ஓட்டக்கூடிய கேபின் அங்க இருக்கு. நைட்ரேற் கெதியாத் தீப்பிடிக்கும், அதால அதை ஓட்ட அனுமதி உள்ள அரங்குகள் உலகத்திலயே கொஞ்சம்தான். முப்பதுகளின்ர, நாப்பதுகளின்ர உளவுப் படம் ஏதும் அப்பிடி வந்தால் விடாதேங்கோ.

இன்னொண்டு. பிஎஃப்ஐயில படத்துக்குக் குறிப்புக் குடுப்பினம். நல்லா எழுதியிருக்கும், ஆனா கன தரம் கதையின்ர முடிவும் அதுக்குள்ள இருக்கும். உளவுப் படத்துக்கு அதைப் படம் முடிஞ்சாப் பிறகு வாசியுங்கோ.

பெரிய மல்டிபிளெக்ஸ் மாதிரி அரை மணித்தியால விளம்பரம் இருக்குமெண்டு நினைச்சுப் பிந்திப் போகாதேங்கோ. போட்ட நேரத்துக்குக் கிட்டவே படம் தொடங்கீடும். 'தி தேர்ட் மேன்' பிரிட்டிஷ் பதிப்பு 104 நிமிசம், அமெரிக்கப் பதிப்பு 93. தொடக்கத்தில வாற குரலும் வேற: பிரிட்டிஷில இயக்குநர் கரோல் ரீட், அமெரிக்கனில ஜோசப் கொட்டன். அட்டவணையில நிமிசத்தைப் பாத்தால் எந்தப் பதிப்பெண்டு விளங்கும். 104 தான் பாக்கவேணும்.

மாலைக்காட்சி:

ரொம்ப நன்றி, விகிதம் பார்த்து வரிசை எடுப்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு. ஃபிலிம் காட்சிகளில் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறைகிறதே, அது என்ன? பிரிண்டில் "மழை பெய்தால்" (திரையில் கோடு கோடாக விழுந்தால்) எந்த அளவு வரை சகஜம், எப்போது புகார் சொல்லலாம்?

ஸ்கோப்லென்ஸ்:

அது ரீல் மாற்றும் குறி. ஒரு ரீல் 600 மீட்டர் அளவு, அதிகபட்சம் 22 நிமிடம் ஓடும். இரண்டு மணி நேரப் படத்துக்கு ஆறேழு ரீல். முதல் புள்ளி ரீல் முடிய எட்டு விநாடி இருக்கும்போது வரும், அதைப் பார்த்து ஆப்பரேட்டர் இரண்டாவது மெஷினின் மோட்டாரைப் போடுவார். இரண்டாவது புள்ளி ஒரு விநாடி இருக்கும்போது, அதில் ஒளியையும் ஒலியையும் அடுத்த மெஷினுக்கு மாற்றுவார். ஒவ்வொரு புள்ளியும் நாலு ஃப்ரேம்தான், ஆறில் ஒரு பங்கு விநாடி. ஸ்கோப் பிரிண்டில் வட்டம் நீள்வட்டமாகத் தெரியும்.

எல்லா ரீலையும் ஒட்டி ஒரே பெரிய தட்டில் ஓட்டினால் மாற்றும் வேலை இல்லை. ஆனால் அதற்கு ரீலின் தலையையும் வாலையும் வெட்டி ஒட்ட வேண்டும், ஆவணக் காப்பகங்கள் தங்கள் பிரிண்டை அப்படிச் செய்ய விடுவதில்லை. அரிய பிரிண்டுகள் இரண்டு மெஷின் உள்ள அரங்குகளுக்கே போவது அதனால்தான்.

மழை: ரீலின் முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் கோடுகள் அதிகம் இருக்கும், மெஷினில் மாட்டும்போதும் கழற்றும்போதும் அடிபடும் இடம் அது. அது சகஜம். வண்ணப் பிரிண்டில் கோட்டின் நிறத்தை வைத்தே காயத்தின் ஆழம் சொல்லலாம். ஃபிலிமின் பின்பக்கக் கீறலில் அழுக்கு சேர்ந்தால் கறுப்புக் கோடு. படிமம் இருக்கும் பக்கத்தில் மேலடுக்கான மெஜந்தா மட்டும் உரிந்தால் பச்சைக் கோடு. அடுத்த அடுக்கும் போனால் மஞ்சள், எல்லாம் போனால் வெள்ளை. இவை எல்லாம் பிரிண்டில் ஏற்கெனவே இருப்பவை, கேபினில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இல்லாத கோடு ஒன்று திடீரென்று தொடங்கி, ஒரே இடத்தில் விடாமல் விழுந்துகொண்டே வந்தால் மட்டும் சொல்லுங்கள். மெஷின் கீறுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், அப்படியானால் பிரிண்டைக் காப்பாற்ற உடனே நிறுத்த வேண்டும்.

ஒட்டுப் போட்ட இடத்தில் படம் ஒரு குதி குதிக்கும், கொஞ்சம் கழித்து ஒலியும் குதிக்கும். ஒலித்தடம் படத்துக்கு 20 ஃப்ரேம் முன்னால் பதிவாகியிருப்பதுதான் காரணம்: ஒட்டு முதலில் படத்துக்கு ஒளி பாயும் கேட்டைக் கடக்கும், ஒலியைப் படிக்கும் சவுண்ட் ஹெட்டைக் கடக்க இன்னும் முக்கால் விநாடிக்கு மேல் ஆகும்.

ஃபோகஸ் புகார் தாராளமாகச் சொல்லலாம். விளக்குச் சூட்டில் ஃபிலிம் லேசாக வளைவதால் ரீல் தொடங்கியதும் கொஞ்சம் மங்குவது உண்டு, அரை நிமிடத்தில் ஆப்பரேட்டர் பிடித்துவிடுவார். இரண்டு நிமிடம் தாண்டியும் மங்கலாக இருந்தால் எழுந்து போங்கள்.

மோனோட்ராக்:

உச்சரிப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. பழைய 35 மி.மீ. பிரிண்டில் சப்டைட்டில் இருக்காது, சப்டைட்டில் உள்ள காட்சி என்றால் அட்டவணையில் தனியாகக் குறித்திருப்பார்கள். புரிவதும் புரியாததும் பாதிக்குப் பாதி ஒலி அமைப்பைப் பொறுத்தது. இந்தப் படங்கள் பெரும்பாலும் மோனோ. திரைக்குப் பின்னால் நடு ஸ்பீக்கரிலிருந்து மட்டும்தான் சத்தம் வர வேண்டும், அதுவும் பழைய தடத்தின் இரைச்சலை அடக்கும் பழைய மோனோ அமைப்பில். கேபினில் ஸ்டீரியோ அமைப்பிலேயே விட்டுவிட்டால் இரைச்சல் பக்கவாட்டிலும் பின்னாலும் பரவி, வசனத்தின் கூர்மை போய்விடும். பின்பக்க ஸ்பீக்கரிலிருந்து "ஸ்ஸ்" சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் "மோனோவுக்கு மாற்றச் சொல்லுங்கள்" என்று ஒரு வார்த்தை போதும், பொத்தான் அழுத்தும் வேலைதான்.

'தி கான்வர்சேஷன்' (1974) பார்க்கப் போனால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: படம் முதலில் மோனோ, பின்னாளில் படத்தின் ஒலியமைப்பாளர் வால்டர் மர்ச்சே 5.1 சரவுண்ட் ஒலிக்கு மறுகலவை செய்தார். 35 மி.மீ. பழைய பிரிண்டில் மோனோ வரும், டிசிபியில் (தியேட்டருக்கான டிஜிட்டல் பிரதி) பெரும்பாலும் 5.1. ஒட்டுக்கேட்பவனைப் பற்றிய படம் என்பதால் இரண்டையும் கேட்டுப் பார்ப்பது வீண்போகாது.

தொடங்க ஏற்றது 'தி இப்கிரஸ் ஃபைல்' (1965). மைக்கேல் கெய்ன் நிதானமாகப் பேசுகிறார், உரையாடலும் சிக்கலில்லை. ஆனால் அதைத் திரையில் பார்க்க வேண்டிய காரணம் வேறு. டெக்னிஸ்கோப்பில் எடுத்தது: ஒரு ஃப்ரேமுக்கு ஃபிலிம் ஓரத்து நாலு துளை உயரத்துக்குப் பதில் இரண்டு துளை. நெகட்டிவ் பாதி மிச்சம், சாதாரண லென்ஸ், அதனால் அண்மையும் தொலைவும் ஒருசேரத் தெளிவாக நிற்கும். இயக்குநர் சிட்னி ஃப்யூரியும் ஒளிப்பதிவாளர் ஆட்டோ ஹெல்லரும் அதை வைத்துக்கொண்டு விளக்கு, தோள், கதவிடுக்கு என்று எதையாவது திரையில் பாதிக்கு முன்னால் நிறுத்தி, மிச்ச இடுக்கு வழியாக நம்மை வேவு பார்க்க வைக்கிறார்கள். லேப்டாப்பில் அந்தப் பாதி வெறும் இருட்டாகத்தான் தெரியும். நெகட்டிவ் சிறியது என்பதால் மணிமணியாக ஃபிலிம் குருணை தெரியும், அதைப் பிரிண்டின் குறை என்று நினைக்க வேண்டாம். 4கே-யில் அந்தக் குருணையே இல்லாமல் முகங்கள் மெழுகுபோல வழவழப்பாக இருந்தால்தான் யாரோ அளவுக்கு மீறித் துடைத்திருக்கிறார்கள்.

அடுத்து 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959). விஸ்டாவிஷன் நெகட்டிவ், ஃபிலிம் பக்கவாட்டில் ஓட எட்டுத் துளை அகலம், இப்கிரஸுக்கு நேர் எதிர். வயல்வெளிக் காட்சியில் தூரத்து விமானம் ஒரு பொட்டாகத் தெரிவதிலிருந்து கண் அதைத் தொடரும். இதற்கு நல்ல 4கே போதும், 70 மி.மீ. கிடைத்தால் இன்னும் நல்லது. 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்' வசனம் அடர்ந்தது, கடைசி அரை மணி நேரத்தில் யார் யாருக்கு வேலை செய்கிறார் என்பதே மாறும். அதை மூன்றாவதாக வையுங்கள், காது அதற்குள் பழகியிருக்கும்.

லூசியம்வாசி:

இப்கிரஸுக்கு ஒண்டரை மடங்குக் கணக்கை விட்டுப்போட்டு இன்னும் ரெண்டு வரிசை முன்னுக்குப் போங்கோ. ஓரத்தில நடக்கிறதுக்குத் தலையைத் திருப்பிப் பாக்கவேண்டி வரும், அந்தப் படத்துக்கு அதுதான் சரி.