மென்னோனைட் மிஷன் ஆவணங்களைத் தேடுகிறவர்களுக்கு: அறிக்கை எந்த ஊருக்குப் போனது?

மென்னோனைட் என்பது ஐரோப்பாவில் தோன்றிய ஒரு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு. மிஷனெரிகளின் அறிக்கை எந்தத் தலைமைக்குப் போனதோ அந்த வழியில்தான் அவர்களுடைய காகிதங்களைத் தேட வேண்டும். ‘மென்னோனைட்’ என்ற பெயரை மட்டும் நம்பித் தேடப் போனால் தவறான காப்பகத்தின் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும். இந்தியாவுக்கு அந்தப் பெயரில் வந்த பெரிய பிரிவுகள் மூன்று. மூன்றுக்கும் மிஷனெரிகளை அனுப்பிய தனித்தனி மிஷன் போர்டு, தனித்தனிக் கணக்கு.

1899-இல் ஜே. ஏ. ரெஸ்லரும் பேஜ் தம்பதியும் வந்து தம்தரியில் (இன்றைய சத்தீஸ்கர்) தொடங்கியது முதல் பிரிவு. அதன் காகிதங்கள் இந்தியானாவின் கோஷனில் இருந்தன. 2017-இல் பக்கத்து ஊரான எல்கார்ட்டுக்கு மாறின. பழைய ஆய்வு நூல்களின் அடிக்குறிப்பில் ‘கோஷன்’ என்றிருந்தால் எல்கார்ட்டுக்கு எழுதுங்கள். 1900-இல் வந்த பி. ஏ. பென்னர், பி. ஜே. வீன்ஸ் இருவரும் ஜெனரல் கான்ஃபரன்ஸ் பிரிவு. அவர்களுடைய சாம்பா, ஜாஞ்ச்கீர் (இவையும் சத்தீஸ்கர்தான்) கோப்புகள் கான்சஸில் நார்த் நியூட்டன் பெத்தேல் கல்லூரியில். நிஜாம் சீமையில் (ஐதராபாத் சமஸ்தானம், இந்த ஊர்கள் இன்று தெலங்கானாவில்) தேவரகொண்டா, நாகர்கர்னூல், வனபர்த்தி என்று பரவியது மென்னோனைட் பிரெத்ரன். அதன் கோப்புகளுக்கு கலிஃபோர்னியாவின் ஃபிரஸ்னோ.

முதல் இரண்டு பிரிவுகளும் 2002-இல் அமெரிக்காவில் ஒரே சபையாகிவிட்டதால், இன்று இணையத்தில் ஒரே பெயர்தான் தெரியும். பெட்டிகள் மட்டும் இன்னும் இரண்டு மாநிலங்களில் இருக்கின்றன.

* * *

மேலே சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது: நல்கொண்டா. 1889-இல் ருஷ்யாவிலிருந்து புறப்பட்டு வந்த ஆபிரகாம் ஃபிரீசனும் மரியாவும் மென்னோனைட் பிரெத்ரன்தான். ஆனால் அவர்களை நியமித்தது அமெரிக்கன் பாப்டிஸ்ட் மிஷனெரி யூனியன். காசு ருஷ்யச் சபைகளிலிருந்து வந்தது, அறிக்கை பாஸ்டனுக்குப் போனது. அதனால் ஃபிரஸ்னோவில் தேடிக் களைப்பதை விட, இப்போது அட்லாண்டாவில் உள்ள பாப்டிஸ்ட் வரலாற்றுச் சங்கத்தில் கேட்பது மேல். அங்கே மகபூப்நகர் என்று தேடினால் பாதிதான் அகப்படும். பழைய தாள்களில் அது ‘பால்மூர்’. அந்த ஊர் 1937-இல் பாப்டிஸ்டுகளிடமிருந்து மென்னோனைட் பிரெத்ரன் கைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய கோப்பு ஓரிடம், பிந்தைய கோப்பு வேறிடம்.

தேதியிலும் ஒரு வம்பு. ருஷ்யாவில் 1918 வரை பழைய ஜூலியன் நாட்காட்டி. 19-ஆம் நூற்றாண்டில் 12 நாள், 1900 மார்ச்சுக்குப் பிறகு 13 நாள் பின்தங்கியிருக்கும். கடிதத்துக்கு முன்பே பதில் எழுதினாற்போல் தெரிந்தால் பதறாதீர்கள், ருஷ்யத் தேதியோடு அந்த நாட்களைக் கூட்டிப் பாருங்கள்.

* * *

ஜெர்மன் கடிதங்களைப் பற்றி. அச்சு ஜெர்மன் படிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் முதல் பக்கத்திலேயே திணறுவார்கள். பழைய கையெழுத்து ‘குரெண்ட்’ முறையில் இருக்கும். அதில் ‘இ’ (e) எழுத்தும் ‘என்’ (n) எழுத்தும் ஒன்றுபோலத் தோன்றும். ‘யூ’ (u) எழுத்தின் தலையில் ஒரு வளைகோடு. அந்த வளைகோட்டை உம்லவுட் (ü போன்ற எழுத்தின் மேல் வரும் இரட்டைப் புள்ளி) என்று எண்ணிப் பெயர்களைக் கெடுத்தவர்கள் உண்டு. எழுதியவருடைய கடிதத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஊர்ப் பெயர், பைபிள் வசனம் இரண்டையும் முதலில் கண்டுபிடித்து, அவற்றிலிருந்து எழுத்துப் பட்டியல் ஒன்று போட்டுக்கொண்டு மேலே போங்கள்.

கையெழுத்தோடு மல்லுக்கட்ட முடியாதவர்களுக்குக் குறுக்கு வழி: பல கடிதங்கள் ‘ஸியோன்ஸ்போட்டே’ போன்ற சபை இதழ்களில் அச்சாயின. ஆனால் அச்சில் சண்டை சச்சரவு இருக்காது. அதற்கு மூலக் கடிதம்தான் கதி.

அழுத்துப்பிரதிப் புத்தகம் கிடைத்தால் (மெல்லிய தாளில் ஈரம் வைத்து அழுத்தி எடுத்த நகல்) ஒவ்வொரு தாளுக்கும் கீழே வெள்ளைத் தாள் ஒன்று வைத்துப் படம் எடுங்கள். இல்லையென்றால் அடுத்த பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரியும். கார்பன் நகலுக்கும் இதே வைத்தியம். ஒவ்வொரு கோப்புக்கும் முதல் படமாகப் பெட்டி எண், கோப்பு எண் உள்ள முகப்பை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீடு திரும்பியபின் எந்தப் படம் எதிலிருந்து வந்தது என்று தேடவே முடியாது.

* * *

கடிதத்தில் மிஷனெரி பெயர்தான் இருக்கும். உபதேசியார், வேதஸ்திரீ (பெண்களிடம் பைபிள் சொல்லும் பெண் ஊழியர்), ஆசிரியர் எல்லாரும் ‘நம் ஊழியர்கள்’ என்று ஒரு வார்த்தையில் அடங்கிவிடுவார்கள். அவர்களுக்குப் பெயர் கிடைப்பது சம்பளப் பேரேட்டில். மாதாமாதம் ஒரே பெயர் வரும், சம்பளம் ஏறும், ஊர் மாறும். ஒருவருடைய வாழ்க்கை அதில் வரிசையாகக் கிடக்கும். பெரும்பாலானோர் தொகைக்குப் பயந்து பேரேட்டுப் பெட்டியைத் திறப்பதே இல்லை.

நிஜாம் சீமைக் கணக்கில் ‘ஓ.எஸ்.’ என்றிருந்தால் உஸ்மானிய சிக்கா, அதாவது நிஜாமின் சொந்த நாணயமான ஹாலி ரூபாய். ஏறக்குறைய 7 ஹாலிக்கு 6 பிரிட்டிஷ் ரூபாய். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் தொகை இடிக்கும். தம்தரி, சாம்பாக் கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. அணா, பைசாவோடு சரி.

நிஜாம் சீமை நிலப் பத்திரம் உருதுவில், பசலி ஆண்டில் (நிலவரிக் கணக்குக்கான ஆண்டு) இருக்கும். நம்மூர்ப் பசலி ஜூலையில் பிறக்கும். ஐதராபாத்தில் அது அக்டோபரில். பசலி 1340 என்றால் அங்கே 1930 அக்டோபர் முதல்.

* * *

சாம்பா தொழுநோய் இல்லத்தைத் தேடுகிறவர்கள் பெத்தேலோடு நிற்க வேண்டாம். 1902-இல் பென்னர் தொடங்கிய அந்த இல்லத்துக்கு ‘மிஷன் டு லெப்பர்ஸ்’ என்ற தொழுநோயாளர் உதவிச் சங்கம் துணை நின்றது. அதனால் அதைப் பற்றிய அறிக்கை அவர்களுக்கும் போயிற்று. ஒரே ஆண்டுக்கு இரண்டு அறிக்கைகள் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நன்கொடையாளர் மாறினால் தொனியும் மாறும். நோயாளிகள், பஞ்ச காலத்து அநாதைப் பிள்ளைகள் ஆகியோரின் பெயர்ப் பதிவேட்டை இணையத்தில் அப்படியே போடாதீர்கள். அந்தக் குடும்பங்கள் அதே ஊர்களில் இருக்கின்றன.

* * *

அறிக்கையாகவோ கடிதமாகவோ கணக்காகவோ போகாதது பெரும்பாலும் வெளிநாட்டுக் காப்பகத்தில் கிடையாது. ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, சபைக் கமிட்டி நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் பெரும்பாலும் உள்ளூர்ச் சபை அலமாரியில்தான், இந்தியிலோ தெலுங்கிலோ. போதகரிடம் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு கேட்காமல் வாரநாளில் நேரம் கேட்டுப் போங்கள். பதிவேட்டை எடுத்துப் போகக் கேட்காதீர்கள். சன்னல் வெளிச்சத்தில் அங்கேயே படம் எடுத்து, ஒரு பிரதியைப் பென்டிரைவில் சபைக்கே கொடுத்துவிடுங்கள். துருப்பிடித்த குண்டூசியைப் பிடித்து இழுத்தால் தாள் கிழியும். மெல்லிய பிளாஸ்டிக் துண்டைக் கீழே செருகிவிட்டுப் பிறகு மெல்ல நகர்த்துங்கள். கரையான் அரித்த பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயல வேண்டாம், மூடிய நிலையிலேயே முகப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.