பாதி முடிந்த கேமுக்கு என்ன விலை வைப்பது?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். நானும் தோழியும் செய்துவரும் கேமை ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் ஏர்லி ஆக்சஸாக, அதாவது முடியும் முன்பே விற்பனைக்கு, வெளியிடப் போகிறோம். பாதிதான் தயார். விலையில்தான் சண்டை.

குறைவாகத் தொடங்கிப் பிறகு ஏற்றலாம் என்பது என் கட்சி. மைன்கிராஃப்ட் அப்படித்தான் ஆல்ஃபா என்ற ஆரம்பக் கட்டத்தில் மலிவாக விற்று, வளர வளர விலையை ஏற்றியது. முதலில் நம்பி வந்தவருக்கு அது ஒரு மரியாதை. மலிவாக வைத்தால் பாதியில் கைவிட்டுவிடுவோம் என்று நினைப்பார்கள் என்கிறாள் தோழி. அவள் காட்டும் உதாரணம் பால்டர்ஸ் கேட் 3 கேம்: 2020-இல் ஏர்லி ஆக்சஸிலேயே 59.99 டாலர் முழு விலைக்கு வந்தது; 2023-இல் முடித்தும் காட்டினார்கள். சரி, அவர்களுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. எங்களை யாருக்குத் தெரியும்? அதே 2023-இல் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2 கேம் ஏர்லி ஆக்சஸில் 49.99 டாலருக்கு வந்து வாங்கிய திட்டு கொஞ்சமா!

ஸ்டீமில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆறு மாதம் கழித்து அப்டேட் நின்றுபோனால்? நானே அப்படி ஏமாந்திருக்கிறேன்.

இப்படி முடியாத கேம்களை வாங்கியவர்கள் சொல்லுங்கள்: எந்த விலையில் சந்தேகம் வருகிறது? பின்னர் விலை ஏறும் என்று முன்பே சொன்னால் நம்பிக்கை வருமா, அவசரப்படுத்துவதாகத் தோன்றுமா? அப்புறம், வெளியான சில வாரங்களிலேயே தள்ளுபடி போட்டால் கோபம் வருமா?